ஏழாவது ஸ்லைடில் அப்பா

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரே ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன நாக்கு புழுத்துப் போகட்டும், எழுதிய கை முடங்கிப் போகட்டும். கேட்டவர்களின் காதுக்கு மட்டும் ஒன்றும் ஆக வேண்டாம். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் இருந்தார். நாற்பத்தோரு வருஷம் லிஃப்ட் குழிக்குள்ளேயே காலம் தள்ளியவர். தரையில் நடந்ததைவிட மேலும் கீழும் போனதுதான் அதிகம். ஓய்வு பெற்ற அன்று உட்கார்ந்து கணக்குப் பார்த்ததில், நிலாவுக்குப் போகும் தூரத்தில் கால்பங்கு ஏறியிருந்தார். ஏறிய அளவே இறங்கியும் இருந்ததால் ஓய்வூதியத்தில் அதற்கென்று எதுவும் சேர்க்கவில்லை.

மனைவி போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மகனோடும் மருமகளோடும் நாலாவது மாடியில் குடியிருந்தார். மகனுக்கு வீட்டில் பெயர் சுண்டெலி. பிறந்தபோது நர்ஸ் அவனைத் துண்டோடு சேர்த்து எடை போட்டாள். துண்டை எடுத்தபோது தராசு முள் அசையவில்லை. அன்றைக்கு அப்பா வைத்த பெயர். முப்பத்து நாலு வயதாகி, தொப்பையும் தாடியும் வந்து, கார்டில் ‘நிறுவனர்’ என்று அச்சடித்துக்கொண்ட பிறகும் அது போகவில்லை.

சுண்டெலி ஒரு கருவி செய்திருந்தான். மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற பட்டை. தனியாக இருக்கிற வயதானவர்கள் கீழே விழுந்தால், விழுகிற வேகத்தை அதுவே கண்டுபிடித்து, பிள்ளைகளின் போனை அதிர வைக்கும். நன்றாகவே வேலை செய்தது. சொல்லப்போனால் இந்தக் கதையில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.

ஆனால் பணம் போட ஆள் இல்லை. பத்தொன்பது முதலீட்டாளர்கள் பார்த்துவிட்டார்கள். ஒருவர், சந்தை சின்னது என்றார். ஒருவர், நாளைக்கு உன்மேல் பஸ் ஏறிவிட்டால் கம்பெனியை யார் நடத்துவார் என்று கேட்டு, பஸ் எப்போது வரும் என்பதுபோல ஜன்னலைப் பார்த்தார். ஒருவர் பிஸ்கட் முழுவதையும் தின்றுவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். யோசனை இன்னும் முடியவில்லை.

இருபதாவது ஆள்தான் மூணாம் நிமிஷம். அவருக்கு அப்படித்தான் பெயர். நாலாயிரம் நிறுவனர்களைப் பார்த்தவர். எவனாக இருந்தாலும் மூன்றாவது நிமிஷத்தில் முடிவு செய்துவிடுவார். மீதி இருபத்தேழு நிமிஷமும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குவார். அவர் பணம் போட்ட கம்பெனி எதுவும் மூழ்கியதில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. மூழ்கியவர்கள் பேசுவதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவரைப் பார்த்துவிட்டு வந்த அன்று சுண்டெலி ஷூவைக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தான். மெக்கானிக் எதிரே உட்கார்ந்து ஒரு பழைய டார்ச்சைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னடா சொன்னாரு?"

"நோட்ட மூடிட்டாருப்பா."

"எப்போ?"

"மூணாம் நிமிஷம்."

"கருவியப் போட்டுக் காட்டினியா?"

"எங்க காட்ட விட்டாரு. பொருள இன்னைக்கு ஒண்ணு பண்ணுவீங்க, நாளைக்கு மாத்துவீங்க, நான் ஆளத்தான் பாக்கறேன்னாரு. இத ஏன் நீங்க பண்ணணும், வேற எவனும் பண்ணக்கூடாதா, உங்களுக்கு எங்க அடிபட்டுச்சுன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"எங்கப்பா லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் வேகமா எறங்கினா பிடிச்சு நிறுத்துற கவர்னர் ஒண்ணு வீட்டுல கெடந்துச்சு, அதக் கழட்டிப் பாத்துத்தான் யோசனை வந்துச்சுன்னேன்."

மெக்கானிக்கின் கழுத்து அரை அங்குலம் நீண்டது. "சரியாத்தானே சொல்லியிருக்க."

"அப்பா இப்ப எப்படி இருக்கார்னு கேட்டாரு. நல்லா இருக்கார்னேன். நோட்ட மூடிட்டாரு."

மருமகள் தட்டை எடுத்து வைத்தாள். பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை பார்க்கிறவள். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் வாயைப் பிளந்துகொண்டிருப்பவர்களோடு பேசிப் பேசி, பதில் எதிர்பார்க்காமல் பேசுகிற பழக்கம் அவளுக்கு வந்திருந்தது.

"நீங்களும் கொஞ்சம் சுமாரா இருந்திருக்கலாம் மாமா," என்றாள்.

கதவு வரை வந்து வழியனுப்பியபோது மூணாம் நிமிஷம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "கெட்டிக்காரன் எனக்கு வேணாம் தம்பி. கெட்டிக்காரன் பணம் தீந்ததும் வேற வேல தேடிப் போயிடுவான். காயம்பட்டவன் போகமாட்டான். காயம் இருந்தா திரும்பி வாங்க."

காயத்துக்குச் சுண்டெலி எங்கே போவான். நல்ல அப்பா, நல்ல அம்மா, நல்ல மனைவி. ஒருமுறை சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் மூன்று தையல். அதை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனி நடத்த முடியாது.

ஒரு வாரம் கழித்து, மெக்கானிக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தபோது, மகன் பீரோக் கண்ணாடியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"எங்கப்பா குளியலறையில விழுந்தாரு. நாலு மணி நேரம் அந்த ஈரத் தரையில கெடந்தாரு. நான் அப்ப ஒரு மீட்டிங்ல இருந்தேன்."

மெக்கானிக் துண்டை உதறினார். "எப்படா செத்தேன் நான்?"

சுண்டெலி திரும்பவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்தே பதில் சொன்னான். "போன வருஷம்ப்பா."

"சோப்புல வழுக்கியா?"

"ஆமா."

"அடப்பாவி. நாப்பத்தோரு வருஷம் குழிக்குள்ள கம்பியப் பிடிச்சுத் தொங்கினவன்டா. அங்க சாகாதவன் சோப்புலயா சாவேன்? சொன்னா எவன் நம்புவான்?"

"லிஃப்ட்ல செத்தா இந்தக் கருவி எதுக்குப்பா?"

நியாயமான கேள்வி. மெக்கானிக் தன் வாழ்நாளில் நியாயமான கேள்வியோடு சண்டை போட்டதில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு வருஷமா அவ சம்பளத்துல சாப்பிடறோம்ப்பா," என்றான் சுண்டெலி. "இது ஒண்ணுதான் கடைசி. அவங்களுக்குத் திரையில போட்டுக் காட்டறதுல ஏழாவது ஸ்லைடு. ஒரு நிமிஷந்தான் வருவீங்க."

"சரி, செத்துத் தொலையறேன். ஆனா ஒண்ணு. பணம் வந்த அன்னைக்கு என்னை உன் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போகணும். எல்லார் முன்னாடியும் இவர்தான் எங்கப்பான்னு ஒரு வார்த்த சொல்லணும். அது போதும்."

"செத்தவர எப்படிப்பா கூட்டிட்டுப் போறது?"

"அது உன் பாடு. ஆஸ்பத்திரில ஆள் மாறிப் போச்சுன்னு சொல்லு. நடக்காததா."

சுண்டெலி தலையாட்டினான். வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறவர்கள் ஆட்டுகிற ஆட்டல் அது. மெக்கானிக் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மனிதர்களைவிட மோட்டார்களோடு அதிகம் பழகியவர்கள் செய்கிற தவறு.

இரண்டாம் முறை போனபோது மூணாம் நிமிஷம் நோட்டை மூடவில்லை. அடுத்து அவருடைய கூட்டாளிகள் கேட்க வேண்டும் என்றார்கள். அதற்கடுத்து வேறு இரண்டு பேர். ஒவ்வொரு நாள் சாயங்காலமும் சுண்டெலி வீட்டுக்குள் நுழைந்ததும் மெக்கானிக் கேட்பார்: "இன்னைக்கு எத்தனை மணி நேரம் கெடந்தேன்?"

"ஏழு."

மறுநாள் பதினொன்று. பதினொரு மணி நேரம் என்றால் ஒரு ராத்திரித் தூக்கம்தானே என்று ஒரு அம்மா கேட்டாளாம். அதற்கு மறுவாரம் பத்தொன்பது. கடைசியாகக் கையெழுத்தான அன்றைக்கு முப்பத்தொன்று.

"முப்பத்தொண்ணா? ஒரு வாய் தண்ணி கூட இல்லாமயா?"

"நாங்க ரெண்டு பேரும் வெளியூர்ல. கொழாயத் தொட முடியல உங்களுக்கு. கைக்கும் கொழாய்க்கும் நாலு விரக்கடதான் இடைவெளி."

"நாலு விரக்கட," என்று மெக்கானிக் வருத்தத்தோடு சொன்னார். "எட்டியிருக்கலாம்." அன்றைக்குக் குளிக்கப் போனபோது தரையில் உட்கார்ந்து கையை நீட்டிப் பார்த்தார். தாராளமாக எட்டியது. மகனிடம் சொல்லவில்லை. எதற்கு அவன் மனசைக் கஷ்டப்படுத்த வேண்டும்.

பணம் கைக்கு வருமுன் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார் மூணாம் நிமிஷம். ஆளைத்தான் பார்க்கிறேன் என்பவர், ஆள் தூங்குகிற இடத்தையும் பார்ப்பார். மெக்கானிக்கின் பாஸ்போர்ட் புகைப்படத்தைப் பெரிதாக்கிக் கறுப்புச் சட்டம் போட்டார்கள். சுண்டெலி ஆணி அடித்தால் சுவர்தான் விழும். ஆகவே மெக்கானிக்கே அளவு பார்த்து, ரசமட்டம் வைத்து, தன் படத்தைத் தானே மாட்டினார். ஒரு நூல்கூடச் சாயவில்லை. பிறகு சட்டைப்பையில் ரொட்டிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி, லிஃப்ட் மோட்டார் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

லிஃப்ட் கிளம்பும் சத்தத்திலேயே உள்ளே மூன்று பேர் என்று சொல்லிவிட்டார். பிரேக் லைனிங் தேய்ந்திருப்பதும் தெரிந்தது. யாரிடம் சொல்வது, செத்தவன் புகார் கொடுக்க முடியாது. இரண்டு மணி நேரம் கழித்து மருமகள் மேலே வந்தாள்.

"போயிட்டாங்களாம்மா?"

"போயிட்டாங்க மாமா. உங்க படத்துக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் நின்னாரு. கண்ணுல எவ்வளவு தனிமைன்னாரு."

"அது பாஸ்போர்ட் படம்மா. சிரிக்கக் கூடாதுன்னுட்டான் படம் பிடிக்கிறவன்."

"அப்புறம் குளியலறைக்குப் போயி தரையத் தொட்டுப் பாத்தாரு. காலைல நீங்க குளிச்ச ஈரம் அப்படியே இருந்துச்சு. ஒரு வருஷமாயும் காயலையேன்னு கண்ணத் தொடச்சுக்கிட்டாரு."

இருவரும் சிரித்தார்கள். மெக்கானிக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொண்டார்.

பணம் வந்தது. கண்ணாடிச் சுவர் வைத்த ஆபீஸ் வந்தது. கருவி கடைகளுக்குப் போனது. பெட்டியின் பின்பக்கத்தில் சட்டத்துக்குள் இருந்த அதே முகம், கீழே முப்பத்தொரு மணி நேரம். மெக்கானிக் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கவிட்டார்.

"போர்டு மீட்டிங் முடியட்டும்ப்பா," என்றான் சுண்டெலி.

அது முடிந்தது. "ஆளுங்க புதுசா சேந்திருக்காங்க, கொஞ்சம் பழகட்டும்." பழகினார்கள். "அடுத்த ரவுண்டுப் பணம் வரட்டும். அதுக்கப்புறம் எவனும் கேக்கமாட்டான்." சட்டையில் மடிப்பு விழுந்தது. மறுபடி இஸ்திரி போட்டார். மூன்றாம் தடவை போட்டபோது காலர் லேசாகக் கருகியது. உள்ளே மடித்து வைத்துக்கொண்டார்.

ஆபீஸ் ஆட்கள் இரண்டு பேர் அதே கட்டடத்தில் வாடகைக்கு வந்தார்கள். பகலில் லிஃப்டில் வர வேண்டாம் என்றான் மகன். நிலாவுக்குக் கால்வாசி தூரம் போனவர் நாலு மாடியைப் படியேறினார். அப்புறம் இன்னொன்றும் நடந்தது, சத்தமில்லாமல். வீட்டிலும் சுண்டெலி அவரை அப்பா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான். "வெளிய வாய் தவறிடும்ப்பா," என்று ஒரு நாள் சொன்னான். அதுதான் கடைசி ‘ப்பா’. மறுநாளிலிருந்து "இங்க பாருங்க", "சாப்டீங்களா". யாரோ தூரத்து உறவினரைக் கேட்பது போல.

"அவன் வாயில நான் செத்துட்டேம்மா," என்று மருமகளிடம் சொன்னார். அவள் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாவது மாதம் அடுத்த ரவுண்டு. இந்த முறை பெரிய பெரிய ஆட்கள்; ஸ்லைடு போதாது, படம் எடுத்துக் காட்ட வேண்டும் என்றார் மூணாம் நிமிஷம். அந்த முப்பத்தொரு மணி நேரத்தை மூன்று நிமிஷத்தில். அப்பாவாக நடிக்க ஒரு கிழவர் தேவை. ஏஜென்சி அனுப்பிய கிழவர்கள் விழுவதற்கு மெத்தை கேட்டார்கள். மெத்தையில் விழுந்தால் பொய் தெரிகிறது, டைல்ஸில்தான் விழ வேண்டும் என்று மூணாம் நிமிஷம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உண்மை விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார்.

மருமகள் இதைச் சிரிப்பாகத்தான் சொன்னாள். மெக்கானிக் சிரிக்கவில்லை. மறுநாள் காலை நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். மகனிடம் சொல்லவில்லை. ஆபீஸ் ஆட்கள் நடுவே அப்பாவாக நுழைய முடியாவிட்டால், அப்பாவாக நடிப்பவராகவாவது நுழைந்துவிடலாம். எல்லார் முன்னாலும் நேரில் பார்த்தால் அவன் வாயில் அந்த ஒரு சொல் தானாக வந்துவிடும் என்று ஒரு எண்ணம்.

பழைய கிடங்கு ஒன்றில் குளியலறை போல செட் போட்டிருந்தார்கள். வரிசையில் பன்னிரண்டு கிழவர்கள். படம் எடுக்கிற பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். தலையில் தொப்பி, கழுத்தில் விசில்.

"செத்துப் போறவரா நடிக்கணும் தாத்தா. அனுபவம் இருக்கா?"

"எட்டு மாசமா."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கருவிப் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். "மூஞ்சி கொஞ்சம் ஒத்துப்போகுது. ஆனா அவரு அளவுக்குத் தனிமை இல்ல உங்ககிட்ட. பரவால்ல, லைட்ல சரி பண்ணிக்கலாம்."

மணிக்கட்டில் பட்டையைக் கட்டிவிட்டார்கள். படத்துக்கான பட்டைதான், ஆனாலும் நிஜப் பட்டை. அது நிறுவனரின் போனோடு இணைக்கப்பட்டிருந்தது.

மெக்கானிக் விழுந்தார். லிஃப்ட் வேலையில் முதல் பாடமே விழுவதுதான். உடம்பைத் தளர விட வேண்டும், முழங்கால் முதலில், பிறகு பக்கவாட்டில் உருள வேண்டும், எலும்பு தனியாக எடையை வாங்கக் கூடாது. பூனை போல விழுந்து பூனை போல எழுந்தார்.

"ரொம்ப அழகா விழறீங்க தாத்தா," என்றாள் அந்தப் பெண். "விழத் தெரியாதவங்க மாதிரி விழுங்க."

மறுபடி விழுந்தார். மறுபடி. எத்தனை முறை சொன்னாலும் உடம்பு கேட்கவில்லை. கற்ற வித்தை காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் பதினெட்டு முறை.

அப்போதுதான் சுண்டெலி மூணாம் நிமிஷத்தோடு உள்ளே வந்தான். ஈரத் தரையிலிருந்து எழுந்துகொண்டிருக்கிற ஆள் யாரென்று பார்த்தான். கையிலிருந்த காப்பி சட்டையில் சிந்தியது.

"யாரு இவரு?" என்று கேட்டார் மூணாம் நிமிஷம்.

"நடிக்க வந்தவரு சார்," என்றாள் படம் எடுக்கிற பெண்.

சுண்டெலி வாயைத் திறந்தான். மெக்கானிக் தரையிலிருந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மூடிக்கொண்டது.

பத்தொன்பதாவது முறையும் அழகாகவே விழுந்தார். இருபதாவதற்கு அந்தப் பெண் ஒரு யோசனை சொன்னாள். "விழறதுக்கு முன்னாடி மகனக் கூப்பிடுங்க தாத்தா. அவரு எங்கயோ தூரத்துல இருக்காரு, வரமாட்டாருன்னு உங்களுக்குத் தெரியும்."

மெக்கானிக் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். விளக்கு வெளிச்சத்துக்கு அப்பால், பத்தடி தூரத்தில், மானிட்டர் முன்னால் மகன். திரையில் தெரிகிற கிழவனைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான். கன்னத்தில் வழிந்து தாடியில் இறங்கியது. எட்டு மாதமாகத் தன் முகத்தை நேராகப் பார்க்காத பிள்ளை, திரையில் பார்த்து அழுகிறான். மெக்கானிக் காலை மறந்தார். முழங்காலை மறந்தார்.

"சுண்டெலி," என்று கூப்பிட்டார். விழுந்தார்.

உள்ளே ஒரு சத்தம். கியர்பாக்ஸில் பல்சக்கரத்தைப் பூட்டியிருக்கும் சாவி முறிகிற சத்தம் அவருக்குத் தெரியும். அதேதான், ஆனால் இடுப்பில்.

கருவி தன் வேலையைச் செய்தது. சுண்டெலியின் கால்சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. காலையிலிருந்து இருபதாவது முறை. அவன் அதைப் பைக்கு மேலாகவே அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"எந்திரிக்க முடியலடா," என்றார் மெக்கானிக்.

யாரும் அசையவில்லை. விசில்காரி மூச்சுக்குக்கூட இடம் கொடுக்காமல் கையை உயர்த்தியிருந்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மூணாம் நிமிஷத்தின் கண்கள் நிஜமாகவே திறந்திருந்தன.

"சுண்டெலி யாரு?" என்று மெல்லக் கேட்டார்.

"தெரியல சார்," என்றான் சுண்டெலி. "அவரே ஏதோ சேத்துக்கிட்டாரு போல."

"நல்லா இருக்கு. வச்சுக்கலாம்."

தரையில் கிடந்தவரின் இடது கால் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அப்படி ஒரு கால் திரும்பாது என்பது அங்கிருந்தவர்களில் ஒருவனுக்கு மட்டும் தெரிந்தது. ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு ஆனது. சுண்டெலி வெளிச்சத்துக்குள் நடந்து வந்தான். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அப்பாவின் கைமேல் கை வைத்தான். பின்னால் இருபது பேர், இரண்டு கேமரா, கண் விழித்திருக்கிற மூணாம் நிமிஷம்.

"சார்," என்றான். "முடியலன்னா சொல்லுங்க சார். ஆள் மாத்திக்கலாம்."

மெக்கானிக் அவனைப் பார்த்தார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் மேலேயிருந்து பேசும்போது குரலில் பயம் தெரியக்கூடாது. உள்ளே இருப்பவன் அதை வைத்துத்தான் தன் ஆழத்தை அளப்பான். நாற்பத்தோரு வருஷம் அந்தக் குரலில் பேசியவர்.

"பரவாயில்லங்க தம்பி," என்றார். "கொஞ்சம் வழுக்கிடுச்சு. நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்."

அந்தப் பெண் கட் சொன்னாள். எல்லாரும் கை தட்டினார்கள். "நாலாயிரம் பேர்கிட்ட இதத்தான் தேடினேன்," என்றார் மூணாம் நிமிஷம். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் கிழவர் இன்னும் எழவில்லை என்பதை யாரோ கவனித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தது படக்குழு ஆள். உறவினர் என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டான். மருமகள் ஓடிவந்து அந்தக் கோட்டை அடித்து, மருமகள் என்று எழுதினாள்.

"மகன் எங்க?" என்று நர்ஸ் கேட்டாள்.

மருமகள் வாயைத் திறப்பதற்குள் மெக்கானிக் சொன்னார். "வெளியூர்ல வேலைம்மா. லீவு கெடைக்கல."

வீட்டில் அவள் என்ன பேசினாளோ, ஐந்தாம் நாள் சுண்டெலி வந்தான். ஆபீஸ் ஆட்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்தான். ஒன்பது கட்டில் போட்ட வார்டு. கோடியில் மெக்கானிக். நெஞ்சில் சளி கட்டி மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. மகனைப் பார்த்ததும் எழப் பார்த்தார்.

"இங்க உன்னத் தெரிஞ்சவங்க யாருமில்ல," என்றார் மெதுவாக.

சுண்டெலி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அந்தச் சொல் அவன் உதடுவரை வந்துவிட்டது என்பதை மருமகள் பார்த்தாள், மெக்கானிக்கும் பார்த்தார்.

"பேப்பர்ல படம் வந்தது நீங்கதானே தம்பி?" என்றது அடுத்த கட்டில்.

அடுத்த கட்டிலில் இருந்த கிழவர் கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் பட்டை. அதற்கடுத்த கட்டில் பெரியம்மாவின் கையிலும் பட்டை. ஒன்பதில் ஆறு கட்டில்களில் பட்டை. வீட்டில் விழுந்து, கருவி கூப்பிட்டு, பிழைத்து, இங்கே வந்து சேர்ந்தவர்கள். எழ முடிந்தவர்கள் எழுந்து வந்து சுண்டெலியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எழ முடியாதவர்கள் படுத்தபடியே பேசினார்கள்.

"உங்கப்பா கதையப் படிச்சுட்டுத்தான் எம்பொண்ணு இத வாங்கிக் கட்டினா," என்றாள் பெரியம்மா. "முப்பத்தொரு மணி நேரம். நெனச்சா ராத்திரி தூக்கம் வரல. அந்த மனுஷன் செத்து எங்களப் பொழைக்க வச்சாரு."

"கொழாய்க்கும் கைக்கும் நாலு விரக்கட," என்றார் அடுத்த கட்டில்காரர். "இல்லையா தம்பி?"

"ஆமாங்க," என்றான் சுண்டெலி. "நாலு விரக்கட."

எல்லாரும் ஆளுக்கொரு வார்த்தை ஆறுதல் சொன்னார்கள். கோடிக் கட்டில்காரர் மட்டும் எதுவும் சொல்லவில்லையே என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சபை மரியாதை என்று ஒன்று இருக்கிறது. மெக்கானிக் மூச்சைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டார்.

"வருத்தப்படாதீங்க தம்பி," என்றார். "உங்கப்பா கஷ்டப்படாமப் போயிருப்பாரு."

சுண்டெலி எழுந்து வெளியே போனான். மருமகள் மெக்கானிக்கின் போர்வையைச் சரி செய்தாள். "நல்லா சொன்னீங்க மாமா," என்றாள்.

ஒன்பதாம் நாள் காலை, நர்ஸ்கள் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் மெக்கானிக் போனார். உடலை வாங்க மருமகள் கையெழுத்துப் போட்டாள். அந்த வாரமே அவள் துணிமணிகளை எடுத்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்று நிமிஷப் படம் ஊர் ஊராகப் போயிற்று. பெரிய பெரிய ஆட்கள் பணம் போட்டார்கள். படம் முடிந்து விளக்கு எரியும்போது சுண்டெலி மேடையேற வேண்டும். ஒவ்வொரு முறையும் அவனால் பேச முடியாமல் போகும். மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்பா, அப்பா என்று மட்டும் சொல்லிக்கொண்டு நிற்பான். நிறுவனர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று முன்வரிசையில் மூணாம் நிமிஷம் பக்கத்திலிருப்பவரிடம் சொல்லுவார்.

முதலில் செய்த சத்தியத்தின் மேல் இன்னும் ஒன்று: லிஃப்ட் மெக்கானிக் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.